ரப்பர் தோலுக்குள் ஓர் ஆள்

1978-ஆம் ஆண்டு, லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஷெப்பர்டன் ஸ்டூடியோவில் ஒரு நடிகருக்காக ஊஞ்சல் கட்டினார்கள். ஆடுவதற்கு இல்லை, உட்காருவதற்கு. அவர் பெயர் பொலாஜி படேஜோ. நைஜீரியாக்காரர், லண்டனில் டிசைன் படித்துக்கொண்டிருந்த மாணவர், உயரம் 208 சென்டிமீட்டர். சினிமாவுக்குப் புதியவர். உடல் முழுக்க லேடெக்ஸ் என்ற ரப்பர் பாலில் வார்த்த உடை, தலைக்குமேல் நீண்டு பின்னால் போகும் கபாலம், முதுகுக்குக் கீழே வால். அந்த வாலை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார முடியாது. ஷாட்டுக்கு ஷாட் உடையைக் கழற்றி மாட்டவும் முடியாது. ஆகவே ஊஞ்சல்.

அவர் மாட்டியிருந்தது, மனிதர்களை வேட்டையாடும் வேற்றுலக உயிரினத்தின் வேடம். அந்த உயிரினத்தைச் சுற்றி ஓடும் 'ஏலியன்' படவரிசையின் திரைமறைவு வேலைகளைப் பற்றிப் பேச இந்த ஊஞ்சலைவிட நல்ல தொடக்கம் கிடையாது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, இயக்குநர் மாற மாற, தொழில்நுட்பம் மாற மாற, அந்தப் படக்குழுக்கள் எல்லாம் ஒரே கணக்கைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கின்றன: ரப்பர் தோலுக்குள் ஓர் ஆள் இருக்கிறான் என்பது பார்ப்பவனுக்குத் தெரியக் கூடாது. விடை சில படங்களில் சரியாக வந்தது. சிலவற்றில் சறுக்கியது.

ஏன் இது இவ்வளவு சிரமம்? தெருக்கோடியில் போகிறவர் முகம் தெரியாவிட்டாலும் நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுகிறோம். இடுப்பு எந்த உயரத்தில், முட்டி எங்கே மடங்குகிறது, தோள் எவ்வளவு அகலம், எடை எந்தக் காலுக்கு எப்போது மாறுகிறது என்பதெல்லாம் கண்ணுக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிடும். எத்தனை கொம்பும் கோரைப்பல்லும் ஒட்டினாலும், மூட்டுகள் மனிதனுக்கு உள்ள இடத்திலேயே இருந்தால் வேடம் கலைந்துவிடும். பழைய அரக்கப் படங்கள் பல இன்று சிரிப்பு மூட்டுவது அதனால்தான்.

முதல் படத்தில் இயக்குநர் ரிட்லி ஸ்காட் இதற்கு உடம்பிலேயே விடை தேடினார். ஒல்லியான, அளவுக்கு மீறிய உயரமும் நீண்ட கைகால்களும் உள்ள ஆள் கிடைத்தால், தையற்காரர் வேலை தொடங்கும் முன்பே பாதி மறைத்தாயிற்று. படேஜோவைத் தேர்வுக் குழுவினர் லண்டனில் ஒரு மதுக்கூடத்தில் பார்த்துப் பிடித்தார்கள். மெதுவாக, எடையே இல்லாததுபோல அசைய வேண்டும் என்பதற்காக அவருக்குத் தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சியும் மௌன நடிப்பும் கற்றுக்கொடுத்தார்கள். விழுவது, தொங்குவது போன்ற ஆபத்தான வேலைகளுக்கு எடி பவல், ராய் ஸ்கேமல் என்ற இரண்டு ஸ்டண்ட் கலைஞர்கள் அதே வேடத்தில் இருந்தார்கள்.

உருவத்தை வடித்தவர் ஸ்விட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கீகர். அவருடைய 'நெக்ரோனோம் IV' என்ற 1976 ஓவியத்தில் இந்த உயிரினத்தின் தலை ஏற்கெனவே இருந்தது. கதாசிரியர் டான் ஓபானன் கீகரின் ஓவியத் தொகுப்பைக் காட்டியதும், வேறு வரைபடம் எதுவும் வேண்டாம் என்று ஸ்காட் முடிவெடுத்துவிட்டார். கீகர் ஷெப்பர்டனுக்கே வந்து பட்டறை போட்டார். முதலில் படேஜோவின் முழு உடலுக்கும் பிளாஸ்டரில் அச்சு எடுத்தார்கள். அதிலிருந்து வார்த்த உடலின் மேல் பிளாஸ்டிசின் களிமண்ணை அப்பி, நிஜப் பாம்பின் முதுகெலும்புகளையும் ரோல்ஸ் ராய்ஸ் காரின் குளிர்விப்புக் குழாய்களையும் அதில் பதித்து உருவம் செய்தார் கீகர். எலும்பும் இயந்திரமும் ஒன்றாக வளர்ந்ததுபோன்ற அந்தத் தோற்றம் தூரிகையில் மட்டும் வந்ததில்லை. உண்மையிலேயே எலும்பும் குழாயும் உள்ளே இருந்தன. அதன்மேல் மறுபடி அச்சு எடுத்து லேடெக்ஸில் வார்த்தால் உடை.

தலையின் முன்பகுதியில், ஒளி ஊடுருவும் கூட்டுக்கு அடியில் ஒரு மனித மண்டையோட்டைப் பொருத்தினார் கீகர். திரையில் அதைத் தனியாக யாரும் அடையாளம் காண்பதில்லை. ஆனால் இருட்டில் பளபளக்கும் அந்த முகத்தில் எங்கோ ஒரு மனித முகம் ஒளிந்திருப்பதுபோன்ற உறுத்தல் வருவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு முடிவு அதைவிடப் பெரியது: கண்கள் கிடையாது. கண் இருந்தால் அது எங்கே பார்க்கிறது என்று தெரிந்துவிடும், நாம் அதன் பார்வையிலிருந்து ஒதுங்கிக்கொள்ளலாம். கண் இல்லாத தலைக்கு எல்லாத் திசையும் பார்வைதான். தயாரிப்பு நோக்கில் இதில் ஒரு லாபமும் உண்டு. அரக்க முகமூடிகளில் முதலில் காட்டிக்கொடுப்பது கண்தான். உள்ளிருக்கும் நடிகரின் கண் தெரியும், அல்லது கண்ணாடிக் கண் அசையாமல் நிற்கும். கீகர் அந்தச் சிக்கலை வேரோடு பிடுங்கிவிட்டார்.

அசையும் தலையைச் செய்தவர் இத்தாலியரான கார்லோ ரம்பால்டி. நூற்றுக்கணக்கான உதிரி பாகங்கள், வெளியிலிருந்து இழுக்கும் கேபிள்கள், வாய்க்குள்ளிருந்து இன்னொரு வாய் பாய்ந்து வரும் விசை. தாடையைத் திறக்கும்போது கன்னத்தில் இழுபடும் தசைநார்கள் ஆணுறை ரப்பரைக் கிழித்துச் செய்தவை. அவ்வளவு மெல்லியதாக, இழுத்தால் கண்ணாடிபோல் விறைத்து, விட்டால் சுருங்கும் பொருள் வேறு எளிதில் கிடைக்காது. வாயிலிருந்து வழியும் எச்சில், கே-ஒய் ஜெல்லி என்ற வழுக்குப் பசை. ஸ்டூடியோ விளக்குச் சூட்டில் எந்தச் சளிப்பொருளும் சில நிமிடத்தில் காய்ந்து வெள்ளைப் படலமாகிவிடும். அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ஒருவர் தூரிகையோடு ஓடிவந்து பூச வேண்டும். அரக்கனுக்கு எச்சில் எதற்கு என்று கேட்கலாம். காய்ந்த ரப்பர் ஒளியை மந்தமாகத் திருப்பும், பார்த்ததும் ரப்பர் என்று தெரியும். ஈரம் பட்டால் மேடு பள்ளமெல்லாம் தனித்தனியாக மின்னும், எங்கே தோல் முடிகிறது என்று கண்ணுக்குப் புரியாது.

இத்தனை செய்த பிறகும் ஸ்காட் அதை முழுசாகக் காட்டவில்லை. ஒளிப்பதிவாளர் டெரெக் வான்லின்ட். பெரும்பாலான ஷாட்டுகளில் கேமராவைத் தோளில் போட்டு இயக்கியவர் ஸ்காட்டே. பின்னாலிருந்து விளக்கு, நடுவில் புகை, கடைசிக் காட்சிகளில் விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப். ஒரு கை, ஒரு தாடை, வளைந்த முதுகின் விளிம்பு. இரண்டு நொடி, வெட்டு. முழு உருவமும் நிமிர்ந்து நிற்கும் இடங்கள் மிகக் குறைவு. அவற்றில், விண்கலத்திலிருந்து வெளியே தூக்கியெறியப்பட்டுத் தொங்கும் ஷாட்டில் ஆள் தெரிகிறான். அதை மறுக்க முடியாது. படம் முடிகிற நேரம் என்பதால் மன்னித்துவிடுகிறோம்.

ஆள் நடித்ததைவிட ஆடும் மாடும் நடித்த இடங்கள் முதல் படத்தில் அதிகம். உயிரினம் வெளிவரும் முட்டைக்குள் துடிக்கும் சவ்வு மாட்டு இரைப்பை. அதற்குள் அசையும் உரு, ரப்பர் கையுறை மாட்டிய ஸ்காட்டின் இரண்டு கைகள். முட்டை ஹைட்ராலிக் விசையால் திறந்தது. கீகர் முதலில் வைத்த பிளவு பெண்ணுறுப்பை அப்படியே நினைவூட்டியதால் தயாரிப்பாளர்கள் பயந்துபோக, அவர் அதையே இரட்டிப்பாக்கிச் சிலுவை வடிவில் நான்கு இதழாக மாற்றிக் கொடுத்தார். முட்டையிலிருந்து ஒரு பிராணி பாய்ந்து வந்து ஒருவரின் முகத்தைக் கவ்வும் அந்தக் கணத்தில் நாம் பார்ப்பது, அழுத்தக் காற்றால் பீய்ச்சியடித்த ஆட்டுக்குடல். பிறகு செத்துக் கிடக்கும் அந்தப் பிராணியை மேசையில் புரட்டிப் பார்க்கும் காட்சியில் உள்ளே தெரிபவை புதிய சிப்பிகளும் ஆட்டுச் சிறுநீரகமும். பொம்மை உறுப்பு எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும். உண்மையான இறைச்சியில் ஈரம், நிறம், தடிமன் எல்லாம் அங்குலத்துக்கு அங்குலம் மாறும். மிக அருகில் வைத்து எடுக்கும்போது அந்த மாற்றம்தான் காசு. கெடுதல் என்னவென்றால், விளக்குச் சூட்டில் அது அழுகும். நாற்றம் ஸ்டூடியோவை விட்டுப் போகாது.

முகம் கவ்வப்பட்டவரின் நெஞ்சைப் பிளந்துகொண்டு குட்டி உயிரினம் வரும் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஒரே டேக்கில் முடிய வேண்டிய வேலையை எப்படித் திட்டமிடுவது என்பதற்கு அதுவே பாடம். மேசைக்கு நடுவே ஓட்டை. அந்த ஆளாக நடித்த ஜான் ஹர்ட் மேசைக்கு அடியில் உடலை மடக்கிக்கொண்டு தலையையும் கைகளையும் மட்டும் மேலே நீட்டியிருக்கிறார். கழுத்துக்குக் கீழே தெரிவது செயற்கை மார்பு. அதற்குள் போலி ரத்தமும் இறைச்சிக் கடையிலிருந்து வந்த குடல் வகைகளும், மேலே வெள்ளைச் சட்டை. அடியில் பொம்மையைக் கம்பில் பிடித்தபடி ஆள். பக்கத்தில் ரத்தத்தை உயர் அழுத்தத்தில் தள்ளும் பம்புகள். பொம்மையைச் செய்தவர் ரோஜர் டிக்கன்.

இதைத் தயார் செய்யவே சில மணி நேரம் ஆனது. அதுவரை மற்ற நடிகர்களைத் தளத்துக்குள் விடவில்லை. உள்ளே வந்தவர்கள் முதலில் பார்த்தது, கேமராக்களுக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருப்பதையும் தொழிலாளர்கள் மழைக்கோட்டு மாட்டியிருப்பதையும்தான். மார்பைப் பிளந்துகொண்டு ஏதோ வரும் என்பது அவர்களுக்குத் தெரியும், ஸ்கிரிப்டில் இருக்கிறது. எவ்வளவு ரத்தம், எந்தப் பக்கம் தெறிக்கும் என்பது தெரியாது. சட்டை, தரை, சுவர், ஆறு நடிகர்களின் உடை எல்லாம் ஒருமுறை நனைந்துவிட்டால் மறுபடி துடைத்துத் தயார் செய்ய அரை நாள் போய்விடும். அதனால் பல கேமராக்களை வெவ்வேறு கோணத்தில் வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள்.

கேமராக்கள் ஓடத் தொடங்கின. அடியிலிருந்து ஓங்கிக் குத்தினார்கள். சட்டை கிழியவில்லை. துணி முட்டிக்கொண்டு எழும்பிற்றே தவிரப் பிளக்கவில்லை. நிறுத்தி, நூலிழைகளை பிளேடால் கீறி வலுவைக் குறைத்து, மறுபடி குத்தினார்கள். அந்தத் தடங்கல் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. முதல் முட்டலைப் பார்த்து நடிகர்கள் இன்னும் கிட்டே சாய்ந்துவிட்டார்கள். அடுத்த குத்தில் பம்பின் ஒரு பீய்ச்சல் நேராக நடிகை வெரோனிகா கார்ட்ரைட்டின் முகத்தில் அடித்தது. அவர் அலறி விழுவது நடிப்பில்லை. பொம்மை மேசைமேல் ஓடிப்போவதற்கு, மேசையில் நீளவாக்கில் பிளவு விட்டு அடியிலிருந்து இழுத்தார்கள். அந்த ஒரு ஓட்டம் மட்டும் தண்டவாளத்தில் போகும் வண்டிபோல நேர்கோட்டில் இருப்பதால் இன்று கொஞ்சம் பொம்மைத்தனமாகத் தெரியும். வால் அடித்துக்கொள்வதால் ஓரளவு தப்பிக்கிறது.

செட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. 'நோஸ்ட்ரோமோ' விண்கலத்தின் உட்பகுதியை, ஒரு தளத்தின் அறைகளும் நடைபாதைகளும் தொடர்ந்து இணைந்திருக்கும்படி கட்டினார்கள், கூரையோடு. நடிகர்கள் தங்கள் இடத்துக்குப் போகவே அந்தக் குறுகிய நடைபாதைகளில் குனிந்து நடந்தாக வேண்டும். சுவர்களை நிறைத்தவை பழைய விமானங்களின் உதிரிகள். வேற்றுலகக் கப்பலில் ஆசனத்தில் உறைந்திருக்கும் அந்தப் பிரம்மாண்ட உடல் ஏறத்தாழ 8 மீட்டர் உயரம். அது இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஸ்காட் தன் இரண்டு மகன்களையும் ஒளிப்பதிவாளரின் மகனையும் சின்ன அளவு விண்வெளி உடையில் பக்கத்தில் நிறுத்தினார். அந்த உடைகளில் காற்றோட்டம் இல்லாததால் பெரியவர்கள் ஏற்கெனவே மயங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளும் மயங்கும் நிலைக்கு வந்த பிறகுதான் உள்ளே ஆக்சிஜன் போகும் வழி செய்தார்கள். முட்டை அறையில் மிதக்கும் நீல ஒளிப்படலம், பக்கத்துத் தளத்தில் 'தி ஹூ' இசைக்குழு தன் மேடைக்காகச் சோதித்துக்கொண்டிருந்த லேசரைக் கடன் வாங்கிச் செய்தது. லேசர் வெறும் கோடுதான். புகை இருந்தால்தான் அது படலமாகத் தெரியும்.

இந்தச் செலவுக்கெல்லாம் பணம் வந்த வழியும் சுவையானது. ஒதுக்கப்பட்டிருந்தது 42 லட்சம் டாலர். ஸ்காட் ஓவியம் பயின்றவர். படம் முழுவதையும் காட்சி காட்சியாக, ஸ்டோரிபோர்டாகத் தானே வரைந்து காட்டினார். பார்த்த ஸ்டூடியோ தொகையை 84 லட்சமாக்கியது.

1986-ல் 'ஏலியன்ஸ்'. அதன் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனின் சிக்கல் நேர் எதிரானது. ஒன்றை ஒளித்துவைத்தால் போதாது, நூற்றுக்கணக்கானவை சுவரிலும் கூரையிலும் ஊர்ந்து வர வேண்டும். கையில் இருந்தவை பெரும்பாலும் ஆறு உடைகள். கீகர் பாணியில் கனமான உடை செய்தால் ஸ்டண்ட் கலைஞர்கள் குதிக்க முடியாது. ஆகவே உடலை ஒட்டிய கருப்பு இழுவைத் துணி உடையில், தேவையான இடங்களில் மட்டும் நுரை ரப்பர் துண்டுகளை ஒட்டினார்கள். அருகில் பார்த்தால் மோசமாகத்தான் இருக்கும். ஆனால் பின்னொளியில், புகைக்கு நடுவே, அரை நொடி ஷாட்டில் பார்ப்பவருக்கு அசைவு மட்டும்தான் எட்டும். தலையின் வழவழப்பான கூடு குதிக்கும்போது விரிசல் விட்டதால் அதைக் கழற்றிவிட்டு, அடியிலிருந்த வரிவரியான மண்டையையே கேமரூன் வைத்துக்கொண்டார். ஆட்களைக் கம்பியில் தொங்கவிட்டு, கேமராவைத் தலைகீழாகப் பிடித்தால் கூரையில் நடக்கும். மூட்டு மடங்கும் திசையையே கண் குழப்பிக்கொள்ளும்போது உள்ளே ஆள் இருப்பது எப்படித் தெரியும்?

நுரை ரப்பர் என்கிற ஃபோம் லேடெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்து வந்த படங்களெல்லாம் இதன்மேல்தான் நின்றன. லேடெக்ஸ் பாலை மிக்ஸரில் அடித்து நுரைக்கச் செய்து, இறுகவைக்கும் பொருளைக் கடைசியில் சேர்த்து, அச்சில் ஊற்றி, 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் சில மணி நேரம் வேகவைக்க வேண்டும். இறுகும் நேரம் அறையின் சூட்டையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. சீக்கிரம் இறுகினால் அச்சின் மூலைகளுக்குப் போய்ச் சேராது, பற்களும் நரம்புகளும் மொக்கையாகும். தாமதமானால் நுரை அமுங்கிக் கனத்துவிடும். தடித்த இடம் வேகாமல் நின்றால் வெளியே எடுக்கும்போது பிய்ந்துவரும். தலைமுதல் கால்வரை ஓர் உடை செய்தால் அதில் பல துண்டுகள் இப்படிக் குப்பைக்குப் போகும். எல்லாம் சரியாக வந்தாலும் ஆயுள் குறைவு. வியர்வையும் இழுப்பும் சேர்ந்து அக்குளிலும் தொடையிடுக்கிலும் கிழியும். அதனால் ஒரே வேடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உடைகள்.

அதே படத்தில் முட்டையிடும் ராணி ஏலியனின் கதை வேறு. உயிரின உருவங்களைச் செய்த ஸ்டான் வின்ஸ்டனும் கேமரூனும் அங்கே ஆளை ஒளிக்கவில்லை, ஆள் என்ற கணக்கையே உடைத்தார்கள். 14 அடி உயரம், நான்கு கைகள், பின்புறமாக மடங்கும் கால்கள். இந்த வடிவத்துக்குள் மனிதன் இருக்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் வராது. இருந்தார்கள், இரண்டு பேர். மார்புக்குள் அடுத்தடுத்து இடுக்கி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பெரிய கை, ஒரு சின்னக் கை. மொத்த உடலும் கிரேனில் தொங்கியது. தலை ஹைட்ராலிக்ஸ், உதடும் தாடையும் கேபிள், வால் கம்பி, கால்களை வெளியிலிருந்து கோல்களால் தள்ளினார்கள். ஏறத்தாழ 15 பேர் சேர்ந்தால் ஒரு ராணி.

இது நடக்குமா என்று சோதிக்க அவர்கள் பெரும்பணம் செலவழிக்கவில்லை. அட்டைப் பலகையில் தலை வெட்டி, உடம்பைக் கருப்புக் குப்பைப் பைகளால் சுற்றி, உள்ளே இரண்டு பேரை ஏற்றி, கிரேனில் தூக்கி ஆட்டிப் பார்த்து வீடியோ எடுத்தார்கள். விகிதமும் அசைவும் சரியாக இருந்தால், குப்பைப் பை கூடப் பயமுறுத்தும். சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு அழகாகச் செதுக்கியும் பயனில்லை. மாதக்கணக்கில் களிமண் செதுக்கிவிட்டு, தூக்கிப் பார்த்தபோது அசையவில்லை என்று கண்டுபிடிக்கும் குழுக்களுக்கு இந்த ஒரு சோதனை போதுமான பாடம்.

கிரேன் எங்கே? அதுதான் எடிட்டிங்கின் வேலை. தலை தெரியும் ஷாட்டில் கால் தெரியாது, கால் தெரிந்தால் முதுகு தெரியாது. மொத்த உடலும் ஓட வேண்டிய இடத்தில் சின்ன மாதிரிப் பொம்மை. சின்ன மாதிரி எடுக்கும்போது வேகக் கணக்கு தப்பினால் எல்லாம் பாழ். பொருள் சிறியதானால் விழுவதும் ஆடுவதும் சீக்கிரம் முடிந்துவிடும், எடையே இல்லாததுபோல் தெரியும். அதை மெதுவாக்கக் கேமராவை வேகமாக ஓட்டுவார்கள். எவ்வளவு வேகம் என்பதற்குப் பொதுவான சூத்திரம் அளவு விகிதத்தின் வர்க்கமூலம். 16-ல் ஒரு பங்கு மாதிரி என்றால் 4 மடங்கு, அதாவது நொடிக்கு 24-க்குப் பதில் 96 பிரேம். 4-ல் ஒரு பங்கு என்றால் 48. வேகம் கூடக் கூட ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி குறையும், விளக்கை ஏற்றினால் ரப்பர் உருகும். அப்புறம் புகை. தூரப் பொருள் மங்கித் தெரிவதை மாதிரியில் காட்டப் புகை வேண்டும். அதன் அடர்த்தி ஷாட்டுக்கு ஷாட் மாறினால் இரண்டையும் ஒட்டவே முடியாது.

ராணியோடு சண்டையிடும் சுமைதூக்கி இயந்திரம், கதாநாயகி சிகோர்னி வீவர் தானே இயக்குவதுபோல் தெரிகிறதே, அதற்குப் பின்னால் ஜான் லீஸ் என்ற ஸ்டண்ட் கலைஞர் ஒளிந்துகொண்டு கைகால்களை அசைத்தார். இயந்திரத்தால் தன் எடையைத் தானே தாங்க முடியாது, அதையும் தொங்கவிட்டுத்தான் நடத்தினார்கள். ஆக அந்தச் சண்டையின் இருபக்கமும் உள்ளே ஆட்கள், மேலே கிரேன். பாதியாகக் கிழிக்கப்படும் செயற்கை மனிதனின் வெள்ளை ரத்தத்துக்குப் பாலும் தயிரும் பயன்பட்டன. விளக்குச் சூட்டில் அவை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடிகர் லான்ஸ் ஹென்ரிக்சனுக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. ஏலியன்களின் கூடு, லண்டன் ஆக்டன் லேன் பகுதியில் மூடிக் கிடந்த மின்நிலையத்துக்குள் அமைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு பெரிய படத்துக்காக உள்ளே போனவர்கள், கூட்டின் மிச்சங்கள் அங்கேயே இருக்கக் கண்டார்கள்.

1992-ன் 'ஏலியன் 3' இந்தக் கணக்கில் தோற்ற படம். ஆனால் தோல்வி கற்றுத்தருவது அதிகம். மரத்தால் ஆன கோளில் துறவிகள் வாழ்வதாக வின்சென்ட் வார்டு எழுதிய கதைக்குச் செட் போடத் தொடங்கியிருந்தார்கள். கதை மாறியது, கோள் சிறையானது, போட்ட செட்டைத் திருத்திப் பயன்படுத்தினார்கள். இயக்குநர் டேவிட் ஃபின்ச்சருக்கு இது முதல் படம். முடிந்த திரைக்கதை இல்லாமலே 1991 ஜனவரியில் பைன்வுட் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு தொடங்கியது. ஒளிப்பதிவாளர் ஜோர்டன் க்ரோனென்வெத் உடல்நலம் குன்றி விலக, அலெக்ஸ் தாம்சன் வந்தார்.

இந்த முறை உயிரினம் நான்கு காலில் ஓட வேண்டும். அதில்தான் வினை. மனிதன் நான்கு காலில் ஓடினால், கையைவிடக் கால் நீளம் என்பதால் பின்புறம் தலையைவிட மேலே ஏறிக்கொள்ளும். எந்த உடையும் அதை மறைக்காது. உடை அணிந்த டாம் வுட்ரஃப், அலெக் கில்லிஸோடு சேர்ந்து உயிரினத்தை வடித்தவர். அவர் அருகாமை ஷாட்டுகளுக்கு மட்டும் பயன்பட்டார். ஓட்டத்துக்கு ஒரு விப்பெட் வேட்டைநாய்க்கு ஏலியன் உடை தைத்து மாட்டி ஓடவிட்டுப் பார்த்தார்கள். நாய் நன்றாகத்தான் ஓடியது. பார்க்க நாய்க்கு வேடம் போட்டதுபோலவே இருந்தது.

கடைசியில் மூன்றில் ஒரு பங்கு அளவில் கோல் பொம்மை. உடலில் குத்திய கோல்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துப் பலர் ஆட்ட, நீலத்திரைக்கு முன்னால் படமெடுத்தார்கள். செட்டில் கேமரா நகர்ந்த விதத்தைப் பதிவு செய்து, பொம்மையை எடுக்கும் கேமராவும் அதே வழியில் நகரும்படி செய்தது ரிச்சர்டு எட்லண்டின் பாஸ் ஃபிலிம் நிறுவனம். அசைவு அற்புதம், உள்ளே ஆள் அடியோடு இல்லை. கெட்டது ஒட்டுமிடத்தில். இரண்டு படச்சுருளையும் ஆப்டிகல் பிரிண்டரில் சேர்த்தபோது விளிம்பில் கோடு விழுந்தது, உடல் பச்சையடித்தது. செட்டின் விளக்கும் பொம்மையின் விளக்கும் ஒரு இழை மாறினாலும் கண் கண்டுபிடித்துவிடும், அதிலும் பாதம் தரையைத் தொடும் இடத்தில் நிழல் இல்லாவிட்டால் பொம்மை மிதக்கும். ரப்பருக்குள் ஆளை மறைத்துவிட்டு, உருவத்தையே தனியாகக் கத்தரித்து ஒட்டியதுபோல் காட்டிவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவே கதையும் மாறிக்கொண்டிருந்தது. உயிரினம் முதலில் எருதிலிருந்து பிறப்பதாக எடுத்து, பிறகு நாய் என்று மாற்றி எடுத்தார்கள். 2003-ல் வந்த நீண்ட வடிவத்தில் எருது திரும்பி வந்தது.

1997-ன் 'ஏலியன்: ரெசரெக்‌ஷன்' லாஸ் ஏஞ்சலஸில் எடுத்தது, இயக்கம் ழான்-பியர் ழனே. ஃபாக்ஸ் ஸ்டூடியோவின் ஒரு தளத்தையே தண்ணீர்த் தொட்டியாக்கி மூழ்கிய சமையலறையைக் கட்டினார்கள். ஃபோம் லேடெக்ஸுக்கு நீர் எமன். முதலில் தக்கைபோல் மிதக்கும், பிறகு பஞ்சுபோல் உறிஞ்சி ஆளை அடியில் இழுக்கும். உள்ளிருப்பவருக்கு முகக் கண்ணாடி கிடையாது, மூச்சுக் குழாயைப் பாதுகாப்பு நீச்சல்காரர்கள் டேக் முடிந்ததும்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். நீந்தும் ஏலியன்களை ப்ளூ ஸ்கை நிறுவனம் கணினியில் செய்தது. இந்தப் படவரிசையில் முழு உருவமும் கணினியில் அசைந்தது அப்போதுதான். நீருக்குள் வெளிச்சம் சிதறும், விளிம்பு மங்கும், எடை தெரியாது. 1997-ன் கணினி உருவத்துக்கு இதைவிடத் தோதான மறைவிடம் அமையாது. தரையில் நடக்கவிட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருக்கும்.

இசையை விட்டுவிடக் கூடாது. முதல் படத்துக்கு ஜெர்ரி கோல்டுஸ்மித் சங்கு, டிஜெரிடூ, செர்பன்ட் என்ற பழைய காற்றுக்கருவி எல்லாவற்றையும் சேர்த்து எழுதினார். எடிட்டிங்கில் அதை இடம் மாற்றி, அவருடைய பழைய படமொன்றின் இசைத்துண்டுகளை நடுவே சொருகி, முடிவுக்கு ஹோவர்டு ஹான்சனின் சிம்பொனியைப் போட்டுவிட்டார்கள். கோல்டுஸ்மித்துக்கு அது கடைசிவரை கசப்பு. இரண்டாம் படத்தில் ஜேம்ஸ் ஹார்னருக்குப் படம் வெட்டி முடியாமலே சில வார அவகாசம் மட்டும் தரப்பட்டது.

நடுவில் வந்த முன்கதைப் படங்களில் உயிரினம் பெருமளவு கணினிக்குப் போயிற்று. பகல் வெளிச்சத்தில் முழு உருவமும் ஓடியது, பயம் குறைந்தது. 2024-ல் வெளிவந்த 'ஏலியன்: ரோமுலஸ்' படத்தை இயக்குநர் ஃபெடே ஆல்வாரெஸ் புடாபெஸ்டில் எடுத்தபோது, 'ஏலியன்ஸ்' படத்தில் வேலை பார்த்த கைவினைஞர்கள் சிலரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். முகத்தைக் கவ்வும் பிராணிகளில் சில கையில் மாட்டி ஆட்டும் பொம்மைகள், சில ரிமோட்டில் தரையில் ஓடுபவை. முன்பு கம்பி தெரியாமல் இருக்க விளக்கைக் குறைத்து, புகையைப் போட்டு, கோணத்தை மாற்றினார்கள். இப்போது கம்பியையும் அதைப் பிடித்திருக்கும் கையையும் பிறகு கணினியில் அழித்துக்கொள்ளலாம். ஈரம் மட்டும் மாறவில்லை. டேக்குக்கு டேக் ஒருவர் தூரிகையோடு ஓடிவந்து சளி பூசிவிட்டுப் போகத்தான் வேண்டியிருக்கிறது.